எண்பத்தெட்டு மில்லிமீட்டர்

தூத்துக்குடியில் பால்துரையின் லேத் பட்டறைக்கு விசைப்படகுக்காரர்கள் வருவார்கள், உப்பளத்துப் பம்புக்காரர்கள் வருவார்கள், ஒரு தடவை கோயில் தேருக்கு அச்சு கடைய வந்தார்கள். விமானந்தாங்கிக் கப்பலுக்கு என்று யாரும் வந்ததில்லை. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சுடலைக்கண்ணன் மஞ்சள் பையிலிருந்து ஒரு கன்மெட்டல் வளையத்தை எடுத்து மேசைமேல் வைத்தபோது, ஏதோ ஐஸ் பிளாண்டில் கழன்ற சாமான் என்றுதான் அவர் நினைத்தார்.

"எந்தப் படகுலே இது?"

"படகு இல்ல அண்ணாச்சி. கப்பல். அங்கன நிக்குல்லா, அது."

சுடலைக்கண்ணன் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரன். கடற்படையில் பதினெட்டு வருஷ சர்வீஸ். 'சமுத்திரசிம்மன்' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்து இயந்திரங்களுக்கு அவன்தான் தலைமை மெக்கானிக். அந்தக் கப்பல் பங்குனி மாதத்திலிருந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு பீச்சுக்குப் போய் அதைப் பின்னால் வைத்து செல்ஃபி எடுத்தார்கள். கம்பீரமாக நிற்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். ஏன் நிற்கிறது என்று யாரும் எழுதவில்லை.

அதைச் சுடலைக்கண்ணன் சொன்னான். கப்பல் மேல் இறங்குகிற விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் இரும்பு வடத்தில் அந்தக் கொக்கி மாட்டி, விமானத்தை இழுத்து நிறுத்த வேண்டும். வடம் கப்பிகளின் மேல் ஓடும். கப்பிக்குள்ளே, தண்டைச் சுற்றி, இந்த வளையம் இருக்கும். பட்டறைப் பாஷையில் புஷ். மொத்தம் நாலு வடம். அவற்றில் மூன்றின் புஷ்கள் தேய்ந்துபோய்ச் சும்மா கிடந்தன. கப்பலைச் செய்து விற்ற வெளிநாட்டுத் தொழிற்சாலையை இடித்துவிட்டு அங்கே துணிக்கடை கட்டியாகிவிட்டது.

பால்துரை புஷ்ஷுக்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். ஒரு பக்கம் பள்ளமாக அரித்திருந்தது.

"தண்டு எத்தன?"

"எண்பத்திமூணு மில்லி. மூணு தடவ அளந்துட்டேன்."

"இதுக்கா ஒரு கப்பல நிப்பாட்டி வச்சிருக்காவ? நாளைக்குச் சாயங்காலம் வந்து வாங்கிட்டுப் போ."

சுடலைக்கண்ணன் சிரித்தான். "வாங்கிட்டுப் போயி? கப்பல்ல ஒரு ஆணி ஏறணும்னாலும் மில்லர்புரத்து ஆபீஸ் வழியாத்தான் ஏறணும் அண்ணாச்சி."

"அப்ப நானே போய்க் குடுத்துட்டு வாரேன். மில்லர்புரம் என்ன டெல்லியிலயா இருக்கு?"

வியாழக்கிழமை காலையில், புத்தம் புதிய புஷ்ஷை வேட்டித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாக மனைவி சீனித்தாயிடம் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். அப்போது ஆனி மாதம்.

கடற்படை உதிரிபாகத் தகுதி நிர்ணய இயக்ககத்தின் தென்கடல் கிளை, மில்லர்புரத்தில் முன்பு கல்யாண மண்டபமாக இருந்த ஒரு கட்டடத்தில் நடந்து வந்தது. மேடைச் சுவரில் 'வாழ்க மணமக்கள்' என்று தெர்மாகோல் எழுத்துகள் அப்படியே இருந்தன. அவற்றை எடுக்க மேலிடத்து அனுமதி கேட்டு எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தது. சந்தனமும் கல்கண்டும் வைக்கிற மேசையில் கண்காணிப்பாளர் அனுசியா உட்கார்ந்திருந்தார். 'மணமகன் அறை' என்று எழுதிய அறையில் இணை இயக்குநர் சிவப்பிரகாஷ் இருந்தார்.

சிவப்பிரகாஷ் கோப்பில் குத்துகிற குண்டூசியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊசியை மறுபடியும் கோப்பிலேயே குத்தினார். பால்துரை துண்டைப் பிரித்துப் புஷ்ஷை வைத்தார்.

"தயாரா பண்ணிட்டீங்களா?" என்றார் இணை இயக்குநர், வருத்தத்தோடு. "இதுதான் நம்ம ஜனங்ககிட்ட பிரச்சினை. பொருளை முதல்ல பண்ணிடறாங்க. நடைமுறையைக் கடைசியில பார்க்கறாங்க."

"கப்பல் நிக்கி சார். அதான்."

"கப்பல் நிக்கறது கப்பலோட பிரச்சினை. நான் இருபத்தாறு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு கப்பல்லகூடக் கால் வச்சதில்லை. ஏன்? போய்ப் பார்த்துட்டா மனசுல ஒரு பாரபட்சம் வந்துடும். அய்யோ பாவம், இது தேய்ஞ்சிருக்கே, சீக்கிரம் மாத்தணுமேன்னு தோணிடும். அப்படித் தோண ஆரம்பிச்சா இந்த ஆபீஸ் எதுக்கு?"

பால்துரைக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அனுசியாவின் மேசைக்குப் போனார்.

அனுசியா பட்டியலைப் புரட்டி நாலாயிரத்து நானூற்றுப் பதினேழாம் எண்ணைக் கண்டுபிடித்தார். அந்தப் பட்டியல் முதலில் கப்பலைச் செய்தவர்களின் பாஷையில் இருந்து, பிறகு ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஆட்சிமொழிக்கு மாற்றப்பட்டது. அதில் 'புதர், உலோகம், ஒன்று' என்று போட்டிருந்தது.

"புதர்னா வனத்துறையோட தடையில்லாச் சான்று வேணும்," என்றார் அனுசியா.

"இது புதர் இல்லம்மா. புஷ்."

"அதைத்தானே நானும் சொல்றேன். புஷ்னா புதர்."

பத்து நாள் கழித்து வனத்துறையிலிருந்து ஒரு காவலர் பட்டறைக்கு வந்தார். நல்ல மனிதர். டீ குடித்தார், லேத்தைச் சுற்றி வந்தார், இரும்புச் சீவல்களைக் காலால் தள்ளிப் பார்த்தார், "நான் இதுல என்னத்த அண்ணாச்சி எழுத?" என்று கேட்டார். கண்ணால் கண்டதை எழுதுங்கள் என்றார் பால்துரை. 'மேற்படி இடத்தில் புதர் ஏதும் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் அவர்.

இணை இயக்குநர் அதைப் படித்தார். காகிதம் மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மேசையிலிருந்த புஷ்ஷை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"பொருள் காணப்படவில்லைன்னு ஒரு அரசு ஊழியர் எழுதிக் கொடுத்திருக்கார். இல்லாத பொருளை நீங்க எப்படி சப்ளை பண்ணுவீங்க?"

"சார், அது மேலதான் இருக்கு."

"எது மேல?"

"அந்தக் கடுதாசி மேல."

"நான் கடுதாசியில என்ன இருக்குன்னு கேக்கறேன். மேல என்ன இருக்குன்னு கேக்கலை."

பால்துரை வீட்டிலிருந்து ஒரு குரோட்டன்ஸ் தொட்டியைத் தூக்கிவந்து பட்டறை வாசலில் வைத்தார். வனக்காவலர் மறுபடியும் வந்து, 'புதர் ஒன்று காணப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்று குறித்து இயக்ககத்தில் எல்லோருக்கும் பரம திருப்தி.

அடுத்தது உப்புக்காற்றுச் சோதனை. கடலில் வேலை செய்ய வேண்டிய உலோகம் உப்புக்காற்றைத் தாங்குமா என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற கூடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வடக்கே, பாலைவனத்தில், கடலிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். பால்துரையின் பட்டறைக் கூரைத் தகடு வருஷத்துக்கு ஒரு முறை இதே காற்றில் இற்று விழுகிறது என்பதை அவர் எடுத்துச் சொன்னார். அந்தக் காற்றுக்கு அங்கீகாரம் இல்லை என்று அனுசியா சொன்னார். புஷ் பார்சலில் போயிற்று. இரண்டரை மாதம் கழித்துச் சான்றோடு திரும்பி வந்தது. சோதனைக்கு வாங்கிய உப்புச் சாக்கிலிருந்தே ஒரு துண்டைக் கிழித்து அதைப் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். சாக்கில் 'தூத்துக்குடி' என்று அச்சடித்திருந்தது.

பிறகு மேற்பக்கம். எல்லா உதிரிபாகத்திலும் எது மேற்பக்கம் என்று அம்புக்குறி போட வேண்டும் என்பது விதி. வட்டமான சாமானுக்கு மேலேது கீழேது என்று பால்துரை கேட்டதை ஆட்சேபணையாகப் பதிவு செய்து, அதைத் தீர்க்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று போட்டார்கள். குழு மூன்று நாள் கடற்கரை விடுதி ஒன்றில் தங்கியது. நெத்திலி வறுவலும் நண்டுக் குழம்பும் சாப்பிட்டது. கடைசி நாள் புஷ்ஷை மேசையில் உருட்டிவிட்டு, அது எங்கே நிற்கிறதோ அங்கே மேலே இருப்பதுதான் மேற்பக்கம் என்று ஏகமனதாக முடிவு செய்தது. உருட்டியபோது அது நிற்காமல் போய்க் கீழே விழுந்து ஒரு உறுப்பினரின் கட்டைவிரலை நசுக்கியது. அதையும் அறிக்கையில் சேர்த்தார்கள்: பொருள் நம்பத்தகாத குணமுடையது.

இத்தனை நாளும் சுடலைக்கண்ணன் கரைக்கு வரும்போதெல்லாம் பட்டறைக்கு வந்தான். முதலில் சிரித்துக்கொண்டு வந்தான். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

"நாலாவது வடத்துலயும் புஷ் ஆடுது அண்ணாச்சி. காதக் குடுத்தா கேக்கு. அந்த ஒரு வடந்தான் இப்ப நிக்கி."

"கார்த்திகைக்குள்ள முடிஞ்சிரும்லே. இனி அளவு பாக்குறது மட்டுந்தான் பாக்கி."

அளவு பார்க்கிற நாள் வந்தது. இணை இயக்குநர் வரைபடத்தை மேசையில் விரித்தார். பழைய மஞ்சள் காகிதம். ஓரங்களில் நாலு அதிகாரிகளின் கையெழுத்தும் முத்திரையும். அனுசியா புஷ்ஷின் உள்விட்டத்தை அளந்து 'எண்பத்திமூணு' என்றார். இணை இயக்குநர் வரைபடத்தைப் பார்த்து 'எண்பத்தெட்டு' என்றார். பிறகு இருவரும் பால்துரையைப் பார்த்தார்கள்.

"தண்டு எண்பத்திமூணு சார். கப்பல்ல போயி அளந்து பாருங்க. எண்பத்தெட்டுல போட்டா கப்பி குடைகுடையின்னு ஆடும். வடம் எகிறிரும்."

"வரைபடம் எண்பத்தெட்டு சொல்லுது."

பால்துரை குனிந்து பார்த்தார். முதல் எட்டு பேனாவால் எழுதியது. இரண்டாவது எட்டின் இடது பக்கம் மட்டும் மைபோல இல்லை. பழுப்பாக, கொஞ்சம் மேடாக இருந்தது. அவர் விரல் நகத்தால் லேசாகச் சுரண்டினார். பொருபொருவென்று உதிர்ந்தது. பாதி எட்டு மூன்றாகிவிட்டது.

"ஈப்பீ சார் இது," என்றார் பால்துரை. "ஈ இருந்துட்டுப் போயிருக்கு. அடியில மூணுதான் கெடக்கு."

 இணை இயக்குநரின் முகம் வெளுத்துப்போயிருந்தது. தன்னைத் திட்டப் போகிறார் என்று பால்துரை நினைத்தார். அவர் திட்டவில்லை. கோயில் சிலையை ஒருவன் செருப்புக்காலால் மிதித்ததைப் பார்த்ததுபோல மெதுவாகப் பேசினார்.

"மிஸ்டர் பால்துரை, நீங்க என்ன பண்ணினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? இது அங்கீகரிக்கப்பட்ட வரைபடம். நாலு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்காங்க. அவங்க கையெழுத்துப் போடறப்ப அது இங்கே இருந்தது. நாலு கையெழுத்துக்கு அப்புறம் அது ஈயோட எச்சம் இல்லை. அது அளவு."

"தண்டு..."

"தண்டு வரைபடத்துக்கு ஒத்துவரலைன்னா தண்டு மேலதான் நடவடிக்கை எடுக்கணும். வரைபடம் தப்புன்னு நான் எழுதினா, அந்த நாலு பேரும் தப்பு. அதுல ரெண்டு பேர் இன்னிக்கு என் ப்ரமோஷன் கமிட்டியில இருக்காங்க. ஒரு கப்பல் போனா இன்னொரு கப்பல் வரும். கமிட்டி அப்படியில்லை."

அனுசியா மைப்பேனாவை எடுத்து, பால்துரை சுரண்டிய இடத்தில் கவனமாக எட்டை எழுதி முடித்தார். இணை இயக்குநர் அதன் பக்கத்தில் ஐந்தாவது கையெழுத்தைப் போட்டார்.

"எண்பத்தெட்டுல ஒண்ணு பண்ணிக் கொடுங்க. உடனே பாஸ் பண்றேன். நீங்க இவ்வளவு அலைஞ்சிருக்கீங்க, எனக்கும் மனசு இருக்கு."

"ஆளு செத்துருவான் சார்."

"யார்?"

பால்துரை தன் புஷ்ஷைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் சீனித்தாய், "என்ன, அளவு பாத்தாவளா?" என்று கேட்டாள். அவர் சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினார். விரல் நகத்தில் அந்த ஈப்பீ ஒட்டியிருப்பது போலவே இருந்தது. 

எண்பத்தெட்டு மில்லிமீட்டர் புஷ்களை வேறொரு கம்பெனி செய்து கொடுத்தது. இதே சாமானை இதற்கு முன் இரண்டு தடவை தவறாகச் செய்துகொடுத்த முன் அனுபவம் அதற்கு இருந்தபடியால், புதர், உப்பு, மேற்பக்கம் எல்லாவற்றிலிருந்தும் விலக்கு அளிக்கப்பட்டது.

செய்தி தெரிந்த அன்று பால்துரை தன் புஷ்ஷைச் சுடலைக்கண்ணன் கையில் வைத்தார். கூடவே அதே அளவில் இன்னும் மூன்று.

"ஏலே, பைக்குள்ள போட்டுக் கொண்டு போயி மாட்டிரு. எவன் கழத்திப் பாக்கப் போறான்?"

சுடலைக்கண்ணன் டிபன் டப்பாவுக்குள் புளியோதரைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோனான். துறைமுக வாசலில் சோதனை போட்டவர்கள் பிடித்துவிட்டார்கள். புளியோதரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 'பொருந்தக்கூடிய, ஆனால் அங்கீகாரமற்ற உதிரிபாகம் நான்கு' என்று எழுதி, புஷ்களை முத்திரையிட்டு இயக்ககத்துக்கு அனுப்பினார்கள். சுடலைக்கண்ணனுக்கு ஒரு மாதம் கரைவிடுப்பு ரத்து.

கப்பலில் எண்பத்தெட்டு மில்லிமீட்டர் புஷ்களை மாட்டியபோது அவன் சும்மா இருக்கவில்லை. ஆடுகிற இடத்தில் பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செருகி, புதிய புஷ்ஷைத் தண்டோடு இறுக வைத்தான். ஓரளவு நின்றது. இரண்டாம் நாள் இயக்ககத்திலிருந்து வந்த ஆய்வாளர் தகட்டைக் கண்டுபிடித்தார். வரைபடத்தில் தகடு இல்லை. தகட்டை உருவச் சொன்னார். இது ஆபத்து என்று சுடலைக்கண்ணன் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். ஆட்சேபணை எழுதப் பச்சைப் படிவம்தான் உபயோகிக்க வேண்டும், இது வெள்ளை என்று திருப்பி அனுப்பினார்கள். பச்சைப் படிவம் கையிருப்பில் இல்லை. கப்பலின் தலைவரும் கேட்டுப் பார்த்தார். 'நிறைவு' என்று அறிக்கை இருக்கும்போது நிறைவில்லை என்று சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று அவருக்குப் பதில் வந்தது.

தை மாதத்தில் ஒரு காலைப்பொழுதில் செயல்விளக்க விழா. கப்பல் மேல்தளத்தில் பந்தல் போட்டு, பட்டுத் துணி போர்த்திய நாற்காலிகள் வரிசையாக இருந்தன. உள்ளூர்ச் சிறுதொழில் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் பால்துரைக்கும் அழைப்பு வந்தது. போக வேண்டாம் என்றுதான் இருந்தார். சுடலைக்கண்ணன் அங்கே நிற்பானே என்று நினைத்துப் போனார். லாஞ்சுப் படகில் போகும்போது இணை இயக்குநர் இரண்டு முறை வாந்தி எடுத்தார். ஒரு முறை கடலில், ஒரு முறை அனுசியாவின் கோப்புப் பையில். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே மைக்குக்குப் போனார்.

"ஒரு பொருள் வேலை செய்யுமா என்பது சாதாரண மனிதர்களின் கேள்வி," என்றார். "அது ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்பதே நம் கேள்வி. இந்தப் புதரை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். இதற்காக எங்கள் அலுவலகம் அறுநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள் எழுதியது. எதிரி நாட்டுக்காரன் இத்தனை கடிதம் எழுத முடியுமா என்று சவால் விடுகிறேன்."

கைதட்டினார்கள். பால்துரை தூரத்தில் வடத்தின் அருகே மஞ்சள் சட்டை போட்டு நின்ற சுடலைக்கண்ணனைப் பார்த்தார். அவன் விருந்தாளிகள் பக்கம் திரும்பவில்லை. குனிந்து கப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் இன்னொரு மாலுமி மண்டி போட்டிருந்தான்.

விமானம் தெற்கிலிருந்து வந்தது. காது கிழிகிற சத்தத்தோடு தளத்தில் தொட்டது. கொக்கி வடத்தைப் பிடித்தது. வடம் இழுபட்டு ஓட, கப்பி நடுங்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, வடம் கப்பியின் பள்ளத்திலிருந்து எகிறி விளிம்பில் உரசித் தெறித்தது. சுடலைக்கண்ணன் முன்னால் இருந்தவனைக் கழுத்தைப் பிடித்துக் கீழே அமுக்கியதைப் பால்துரை பார்த்தார். அறுந்த வடம் தளத்தை ஒரு வீச்சு வீசிவிட்டுப் போனது. அமுக்கப்பட்டவன் முதுகுக்கு மேலே போனது. சுடலைக்கண்ணனின் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டிக்கொண்டு போனது.

வடம் விட்டுப்போன விமானம் தளத்தின் முனைவரை ஓடி, கீழே விழுந்து, கடலைத் தொடுவதுபோல் இறங்கி, எப்படியோ ஏறிப் பறந்து போய்விட்டது. வர்ணனை சொல்கிறவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு, "விமானம் வெற்றிகரமாகப் புறப்பட்டுச் சென்றது," என்றார். வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு நிகழ்ச்சி இறங்குவதா ஏறுவதா என்று தெரியாது. அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பால்துரை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடியபோது, உட்காருங்கள், முந்திரிக் கொத்து வருகிறது என்று யாரோ அவர் கையைப் பிடித்தார்கள்.

விசாரணை ஐந்தே நாளில் முடிந்தது. இயக்ககத்தின் வரலாற்றில் அவ்வளவு விரைவாக எதுவும் முடிந்ததில்லை. விபத்து நேரத்தில் உதிரிபாகம் முழுமையாக வரைபடத்தின்படி இருந்தது என்றும், கால் மட்டுமே இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றும் அறிக்கை சொன்னது.

சுடலைக்கண்ணனை ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மனைவி இந்துமதி பள்ளிக்கூடத்து டீச்சர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். பால்துரை தினமும் போனார். போய் நாற்காலியில் உட்காருவார். 

ஒரு நாள் கேட்டார். "நான் அன்னைக்கு எண்பத்தெட்டுல செஞ்சி, உள்ளுக்குள்ள கள்ளத்தனமா சரி பண்ணியிருந்தா ஒருவேள..."

"அளந்து பாத்திருப்பாவ அண்ணாச்சி," என்றான் சுடலைக்கண்ணன். "சரியா இருந்தா கண்டுபிடிச்சிருவாவ. அதுலதான் அவியளுக்குப் பயிற்சி."

எட்டாம் நாள் இணை இயக்குநர் வந்தார். ஒரு கையில் ஆப்பிள் கூடை. பின்னால் அனுசியா, கோப்போடு. இணை இயக்குநர் கட்டிலருகே நின்று, நாட்டுக்காகச் செய்த தியாகத்தைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினார். பேசிக்கொண்டே கூடையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கடித்தார். மென்றபடி கோப்பைத் திறந்தார்.

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. பணியில இருக்கிறவங்க உடம்பு அரசாங்க உடைமைங்கற கணக்குல வருது. அதுல ஒரு பகுதி குறைஞ்சா கழிவுப் படிவம் போடணும். நான் படிக்கறேன், நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். பொருளின் பெயர், கால், இடது. எண்ணிக்கை, ஒன்று. நிலை... பயன்படுத்தத் தக்கது, பழுது நீக்கத் தக்கது, கழிக்கத் தக்கது. மூணாவதுக்கு டிக் போட்டுடட்டுமா? அப்புறம், பழைய பொருள் கிடங்கில் திரும்ப ஒப்படைக்கப்பட்டதா?"

 

சுடலைக்கண்ணன் தலையணையில் சாய்ந்தபடி இணை இயக்குநரைப் பார்த்தான். "சார், ஒரே ஒரு சந்தேகம். வரைபடத்துல எனக்கு எத்தன கால் போட்டுருக்கு?"

இணை இயக்குநர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. நியாயமான கேள்வியாகத்தான் அவருக்குப் பட்டது. "அனுசியா, இணைப்பு மூணை எடுங்க," என்றார். இரண்டு தலைகளும் கோப்பின்மேல் கவிந்தன. பக்கங்கள் புரண்டன. "பணியில சேர்ந்தப்ப எடுத்த மெடிக்கல் ரிப்போர்ட்ல இருக்கணும் சார்," என்று அனுசியா முணுமுணுத்தார். "அதுல இல்லேன்னா தலைமையகத்துக்கு எழுதித்தான் கேக்கணும்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த இந்துமதி ஒன்றும் சொல்லாமல் சுற்றி வந்தாள். கணவனுக்கு வைத்து எடுத்திருந்த பெட்பேன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. நர்ஸ் இன்னும் வந்து எடுக்கவில்லை. அதைக் குனிந்து எடுத்தாள். இணை இயக்குநரின் கையிலிருந்து கோப்பை வாங்கினாள். அவர் சாதாரணமாகக் கொடுத்தார், கையெழுத்துக்கு என்று நினைத்து. அவள் கோப்பை அதற்குள் போட்டாள். முழுக்க நனையும்படி இரண்டு விரலால் அழுத்தினாள். மூடியால் மூடினாள். அதை அவர் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு சார். கொண்டு போங்க."

இணை இயக்குநர் அதை ஏந்திக்கொண்டு அப்படியே நின்றார். கீழே வைக்கவும் தெரியவில்லை, பிடிக்கவும் தெரியவில்லை. அனுசியாவிடம் திரும்பி, தாழ்ந்த குரலில், "இதை எப்படி இன்வர்ட் ரிஜிஸ்டர்ல பதியறது?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே கேட்டார்.

பால்துரை எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் படியிறங்கிப் போன சத்தம் அடங்கிய பிறகும், வாடை போகட்டும் என்று, அதைத் திறந்தே வைத்திருந்தார்.